அளப்பதற்கு முன்பே நிலம்: ஜான் ராபர்ட்சனும் 1861 நிலச் சட்டங்களும்

ஆஸ்திரேலிய வரலாற்றைப் புதிதாகப் படிக்கிறவர்கள் 1860களை எட்டியதும் ஒரு சொற்றொடரில் தடுக்கி நிற்பார்கள்: ‘அளவைக்கு முன் சுதந்திரத் தேர்வு’. கேட்பதற்கு ஏதோ சர்வே துறையின் விதி மாதிரி இருக்கும். ஆனால் அந்த நாலு சொற்களுக்காக ஒரு காலனி முழுக்கத் தேர்தல் நடந்தது, மேலவை உறுப்பினர்கள் கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு காட்டுக்குப் போயின.

விஷயம் இதுதான். அரசுக்குச் சொந்தமானதாகச் சொல்லப்பட்ட நிலத்தில், சர்வேயர் வந்து அளந்து எல்லை குறிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஏலம் வரும் வரையும் காத்திருக்க வேண்டாம். ஒரு சாதாரண ஆள் நேரே போய்த் தனக்கு வேண்டிய துண்டைப் பார்த்து, ‘இது எனக்கு’ என்று நில அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, முன்பணம் கட்டிவிடலாம். விலை எல்லோருக்கும் ஒன்றே. அளப்பது அப்புறம்.

இதை, சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸில் சட்டமாக்கியவர் ஜான் ராபர்ட்சன். ஐந்து முறை அந்தக் காலனியின் முதல்வராக இருந்தவர். அவரே ஆடு மாடு மேய்த்துப் பிழைத்தவர், அதுவும் அரசு அனுமதித்த எல்லைக்கு வெளியே போய் நிலம் பிடித்தவர் என்பதுதான் இந்தக் கதையை ஆழமாக்குகிறது. எந்தக் கூட்டத்தின் கையிலிருந்து நிலத்தை விடுவிக்க வேண்டும் என்று பேசினாரோ, அந்தக் கூட்டத்தை உள்ளிருந்தே அறிந்தவர்.

முதலில் அந்தக் கூட்டத்தைப் பற்றி. 1788இல் கைதிகளைக் குடியேற்ற ஆரம்பித்த சிட்னி, சில பத்தாண்டுகளில் கம்பளி ஊராக மாறியது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் ஆலைகளுக்கு எவ்வளவு கம்பளி போனாலும் போதவில்லை. அரசோ 1829இல் சிட்னியைச் சுற்றி 19 கவுண்டிகளை, அதாவது மாவட்டம் போன்ற பிரிவுகளை, வரையறுத்து, குடியேற்றம் அதற்குள்தான் என்று சொல்லிவிட்டது. ஆடுகளுக்கு அந்தக் கோடு தெரியாது. ஆட்டுக்காரர்களுக்குத் தெரிந்தும் அவர்கள் நிற்கவில்லை. மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஆற்றோரமாக உள்ளே போய், நல்ல புல்லும் தண்ணீரும் கண்ட இடத்தில் குடிசை போட்டார்கள். இவர்களைத்தான் ஸ்குவாட்டர்கள் என்றார்கள். தடுக்க முடியாது என்று புரிந்ததும் அரசு 1836இல் வருடத்துக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. நிலம் எவ்வளவு பெரிதானாலும் கட்டணம் அதேதான்.

அப்புறம் 1847இல் லண்டனிலிருந்து வந்த ஆணைகள் இவர்கள் நிலையை இன்னும் உறுதியாக்கின. தொலைவான மாவட்டங்களில் 14 வருடக் குத்தகை. குத்தகை நடக்கும்போது அந்த நிலத்தை ஏக்கர் 1 பவுண்டுக்கு வாங்கும் உரிமையும் குத்தகைதாரருக்கு மட்டுமே. வேறு யாரும் உள்ளே வர வழியில்லை.

எல்லைக்குள் இருந்த நிலத்தை வாங்கலாமே என்றால், அங்கே விலை ஏறிக்கொண்டே போனது. 1831இல் ஏலத்தின் குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 5 ஷில்லிங். 1839இல் 12 ஷில்லிங். 1842இல் 1 பவுண்டு, அதாவது 20 ஷில்லிங். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நான்கு மடங்கு. அதுவும் தொடக்க விலைதான். ஏலத்தில் பணக்காரர் வந்து நின்றால் ஏழையின் கை இறங்கிவிடும். இன்னொரு சிக்கல், அளக்காத நிலம் ஏலத்துக்கு வராது. சர்வேயர்கள் குறைவு, நாடோ பெரியது. நிலம் கேட்டு விண்ணப்பித்தவர் எப்போது அளப்பார்கள் என்று காத்துக் கிடந்துவிட்டு, கடைசியில் ஏலத்தில் இன்னொருவரிடம் அதை இழந்துவிட்டு வீடு திரும்பலாம். ‘அளவைக்கு முன்’ என்ற இரண்டு சொற்களில் இருந்த கோபம் இதுதான்.

ராபர்ட்சன் 1816இல் லண்டன் பக்கத்தில் உள்ள போ என்ற இடத்தில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், கடிகாரம் செய்பவர். 1822இல் குடும்பம் சிட்னிக்கு வந்தது. சிறுவனாக ஜான் டன்மோர் லாங் என்ற பாதிரியாரின் பள்ளியில் படித்தார்; லாங் பின்னாளில் காலனியின் பெரிய அரசியல் கலகக்காரராகப் பேர் எடுத்தவர். பதினாறு வயதில் ராபர்ட்சன் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். 1835இல் திரும்பி வந்து, எல்லைக்கு அப்பால் நமோய் ஆற்றுப் பக்கம் மேய்ச்சல் நிலம் பிடித்தார். பின்பு மேல் ஹண்டர் பகுதியில் பயிரும் செய்தார், கால்நடையும் வளர்த்தார்.

இந்த ‘பயிரும் செய்தார்’ என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். பெரிய ஸ்குவாட்டர்களுக்கு உழவர் என்றால் வேலியும் தொல்லையும்தான். ராபர்ட்சனுக்கு இரண்டு வாழ்க்கையும் பழக்கம். ஆட்டுக்காரரும் உழவரும் ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும், இருக்கவும் வேண்டும் என்று அவர் கடைசிவரை நம்பினார். ஸ்குவாட்டர்களை ஒழிப்பது அவர் நோக்கம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம், போய்ப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும் சுதந்திரம், கையில் சிறிய தொகை மட்டும் உள்ளவனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

அவர் அரசியலுக்கு வந்த காலமும் பொருத்தமாக அமைந்தது. 1851இல் பாதர்ஸ்ட் பக்கத்தில் தங்கம் கிடைத்ததும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் குவிந்தார்கள். சில வருடங்களில் ஆற்று மணலில் எளிதாகக் கிடைத்த தங்கம் குறைந்தது. தோண்ட வந்தவர்கள் இனி என்ன செய்வது? ‘நிலத்தைத் திறந்து விடு’ என்ற குரல் எழுந்தது. அதே நேரம் காலனிக்குப் பொறுப்பாட்சி, அதாவது தேர்ந்தெடுத்த அவைக்குப் பதில் சொல்லும் உள்ளூர் ஆட்சி, வந்து, 1856இல் முதல் தேர்தல் நடந்தது. ராபர்ட்சன் வென்றார். வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, இரகசிய வாக்குச்சீட்டு, சமமான தொகுதிகள், மதங்களுக்கு அரசுப் பணம் நிறுத்தம், பொதுக் கல்வி, அளவைக்கு முன் சுதந்திரத் தேர்வு என்று அவர் சொன்ன திட்டம் அன்றைக்கு மிகவும் தீவிரமானது.

ஆள் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் மற்ற தலைவர்கள் மாதிரி இருக்கவில்லை. அண்ணப்பிளவோடு பிறந்ததால் குரல் மூக்கில் ஒலிக்கும். பேச்சில் வசவு தாராளமாகப் புரளும். அந்தக் குறையோடு மேடை ஏறி, அத்தனை தேர்தல்களில் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார் என்பது எனக்கு அவர்மீது மரியாதை வர ஒரு காரணம். 1858இல் சார்ல்ஸ் கௌப்பரின் அமைச்சரவையில் நிலத்துறை அவரிடம் வந்தது. அந்த வருடமே தேர்தல் சட்டமும் மாறியது: ஆண்களுக்குப் பரந்த வாக்குரிமையும் இரகசிய வாக்குச்சீட்டும் வந்தன. நிலச் சீர்திருத்தத்துக்கு இது அடித்தளம். நிலம் இல்லாதவர்களுக்கு வாக்கு இல்லாதவரை, நிலத்தைப் பற்றி அவர்கள் பேச்சு யார் காதில் விழும்?

1860 மார்ச்சில் ராபர்ட்சன் முதல்வரானார். அந்த ஆண்டே மசோதாவைக் கொண்டு வந்தார். பேரவையில் ‘அளவைக்கு முன்’ என்ற பகுதியை நீக்கும் திருத்தம் வென்றுவிட்டது. அவர் பேரவையைக் கலைத்து மக்களிடம் போனார். டிசம்பர் தேர்தலில் அவர் தரப்பு பெரும் வெற்றி பெற்றது. 1861 ஜனவரியில் முதல்வர் பதவியைக் கௌப்பரிடம் கொடுத்துவிட்டு, நிலத்துறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சட்ட வேலையில் இறங்கினார். பதவியைவிட மசோதா பெரிது என்று செயலில் காட்டிய அரசியல்வாதிகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும். இவரை அதில் தயங்காமல் சேர்க்கலாம்.

அடுத்த தடை மேலவை. அது நியமன அவை. நில உடைமையாளர்களின் செல்வாக்கு அங்கே அதிகம். ராபர்ட்சன் தானே மேலவைக்குப் போய் மசோதாக்களை நடத்தினார். அது போதவில்லை. 1861 மே மாதம், மேலவையின் ஐந்தாண்டுக் காலம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது, கௌப்பர் கேட்டபடி ஆளுநர் ஜான் யங் 21 புதிய உறுப்பினர்களை ஒரேயடியாக நியமித்தார். அவர்கள் பதவியேற்க வந்த நேரத்தில், மேலவைத் தலைவர் வில்லியம் பர்ட்டன் ராஜினாமா செய்துவிட்டு எழுந்து போனார். பழைய உறுப்பினர்கள் பலரும் அவர் பின்னால் போனார்கள். அவையே நடக்கவில்லை. பிறகு புதிய மேலவை அமைந்தது. அதன் தலைவராக வந்தவர், ஸ்குவாட்டர்களின் பெருங்குரலாக இருந்த வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வொர்த். அந்த அவையிலேயே 1861 அக்டோபரில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று நிலத்தை விற்பது பற்றியது, மற்றொன்று மேய்ச்சல் குத்தகை பற்றியது. 1862 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தன.

சட்டம் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். யாரும் 40 முதல் 320 ஏக்கர் வரை தேர்ந்தெடுக்கலாம். விலை ஏக்கர் 1 பவுண்டு. அதில் கால் பங்கு, அதாவது 5 ஷில்லிங், முன்பணம். முழு 320 ஏக்கர் எடுப்பவர் கையில் 80 பவுண்டு இருந்தால் போதும், மீதி 240. மூன்று வருடம் அந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும், ஏக்கருக்கு 1 பவுண்டு மதிப்புக்கு வேலி, வீடு, கிணறு என்று மேம்படுத்தியிருக்க வேண்டும். அதன் பிறகு மீதியைக் கட்டலாம். முடியாவிட்டால் ஆண்டுக்கு 5 சதவீத வட்டி, அதாவது 12 பவுண்டு, கட்டிக்கொண்டு அசலைத் தள்ளிப்போடலாம். பக்கத்தில் காலி நிலம் இருந்தால், வாங்கியதைப் போல மூன்று மடங்கு மேய்ச்சலுக்குக் குத்தகையாகவும் கிடைக்கும். ஒரே துண்டுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் சீட்டுக் குலுக்கல்.

படிக்கும்போது அழகான சட்டம். ஏலம் இல்லை, சிபாரிசு இல்லை. குடியிருப்பதும் உழைப்பதும்தான் தகுதி. இப்படி நிலம் எடுத்தவர்களுக்கு செலக்டர்கள் என்று பேர் வந்தது.

ஆனால் அந்த 80 பவுண்டு ஆரம்பம் மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். 320 ஏக்கருக்கு மேம்பாட்டுச் செலவே 320 பவுண்டு மதிப்பு ஆகிறது. சொந்த உழைப்பால் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். விதை, உழவு மாடு, முதல் அறுவடை வரை சாப்பாடு எல்லாம் வேறு. ஒரு வறட்சி வந்தால் ஊர்க் கடைக்காரரிடம் கடன். அந்தக் கடன் தீராமலே நிலம் கைமாறும்.

இதைவிடப் பெரிய கோளாறு, நாடு முழுக்க ஒரே அளவுகோல் வைத்தது. தெற்குக் கடற்கரையில் மழை உண்டு. அங்கே பால் மாடு வைத்துப் பிழைக்க 320 ஏக்கருக்கும் குறைவே போதும். வடக்கு ஆற்றோரங்களிலும் அப்படித்தான். அங்கெல்லாம் சட்டம் உண்மையில் வேலை செய்தது. சிறு விவசாயக் குடும்பங்கள் வேர் பிடித்தன. மேற்கே போகப் போக மழை குறையும். ஒரு ஆட்டுக்கே பல ஏக்கர் வேண்டிய தரையில் 320 ஏக்கர் என்பது ஒரு குடும்பத்தைப் பட்டினி போடும் அளவு. எதிரே இருந்த ஸ்குவாட்டரின் மேய்ச்சல் நிலமோ பல ஆயிரம் ஏக்கர்.

அந்த ஸ்குவாட்டர்களும் சும்மா இருக்கவில்லை. ‘யாரும் தேர்ந்தெடுக்கலாம்’ என்ற சொல்லில் அவர்களும் அடக்கம்தானே? மேய்ப்பர்கள், கூலிகள், உறவினர்கள் பெயரில் நிலம் எடுத்தார்கள். ஆரம்பத்தில் வயது வரம்புகூட இல்லாததால் சிறு பிள்ளைகள் பெயரிலும் பதிவு நடந்தது. நமக்கு நன்றாகவே தெரிந்த பினாமி வேலை; அங்கே அதற்குப் பெயர் டம்மி. குடியிருந்தேன் என்று பொய்யாக உறுதிமொழி கொடுப்பது சாதாரணமாகிவிட்டது.

இன்னொரு தந்திரம் தண்ணீரைப் பிடிப்பது. குறைந்தபட்சம் 40 ஏக்கர்தான் என்பதால், ஒரு பெரிய நிலத்தில் ஓடை, குளம், ஆற்றங்கரை உள்ள இடங்களை மட்டும் சின்னச் சின்னத் துண்டுகளாக வாங்கிப் போட்டுவிடலாம். நடுவில் உள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் வறண்ட தரையை அப்புறம் யார் கேட்பார்கள்? வாங்காமலே அது உங்களுடையது. இதை பீகாக்கிங் என்பார்கள். செலக்டர்களிலும் சிலர் இதே வித்தையைத் திருப்பிச் செய்தார்கள்: ஸ்குவாட்டரின் கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்குத் தண்ணீர் தரும் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நல்ல விலை கொடுத்தால் போகிறேன் என்று உட்கார்ந்துகொள்வது. பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழ வேண்டியவர்கள் வழக்கிலும் வேலிச் சண்டையிலும் வருடங்களைக் கழித்தார்கள். ரிவரினா பகுதியில் ஸ்குவாட்டர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தைக் காப்பாற்ற வங்கிகளில் பெரும் கடன் வாங்கி, நிலத்தை விலைக்கே வாங்கிவிட்டார்கள். நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வந்த சட்டம், அங்கே குத்தகை நிலத்தைப் பெரிய மனிதர்களின் சொந்த நிலமாக மாற்றிக் கொடுத்தது.

இதற்கெல்லாம் ராபர்ட்சனைக் குற்றம் சொல்லலாமா? ஒரு பங்கு சொல்லத்தான் வேண்டும். உள்ளே இருந்தவர், இந்த மனிதர்கள் எப்படி நிலம் பிடிப்பார்கள் என்று தெரிந்தவர், ஓட்டைகளை அடைக்கச் சுறுசுறுப்பு காட்டவில்லை. 1875இல் சில திருத்தங்கள் வந்தன, வயது வரம்பு உட்பட. அதற்குள் பதின்மூன்று வருடம் போய்விட்டது. ஆனால் கதவு மூடியே இருந்திருந்தால் கடற்கரையோரத்தில் வேர் பிடித்த அந்தக் குடும்பங்களும் இருந்திருக்காது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும்.

சட்டத்தில் வரும் ‘அரசு நிலம்’ என்ற சொல்லிலேயே நின்று பார்க்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அது யாருடைய நிலம்? ராபர்ட்சன் போய் இறங்கிய நமோய் பகுதி கமிலராய் பழங்குடி மக்களின் மண். அவர்கள் அதை யாருக்கும் விற்கவில்லை. 1830களில் அந்த வடக்குப் பகுதி முழுக்க ரத்தம் சிந்தியது. 1838 ஜூனில் மயால் கிரீக் என்ற இடத்தில் குறைந்தது 28 பழங்குடியினர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், மேய்ச்சல் ஆட்களால் கொல்லப்பட்டார்கள். அதற்காக ஏழு பேர் தூக்கிலிடப்பட்டது அன்றைக்கு அபூர்வம். தண்டனை இல்லாமல் போன கொலைகளே மிகுதி. ஸ்குவாட்டரா செலக்டரா என்ற பெரும் விவாதத்தில் இரண்டு தரப்பும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரந்த மேய்ச்சல் நிலங்களில், வேலை செய்துகொண்டாவது தங்கள் மூதாதையர் மண்ணில் தங்கியிருந்த பழங்குடிக் குடும்பங்கள் உண்டு. நிலம் துண்டாகி வேலி ஏறியபோது அந்த இடமும் பல இடங்களில் பறிபோனது. மரே ஆற்றங்கரையில் மலோகா என்ற மிஷனில் இருந்த பழங்குடி ஆண்கள் 1881இல் ஆளுநருக்கு மனு எழுதினார்கள்: நாங்கள் பயிர் செய்யவும் கால்நடை வளர்க்கவும் எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்று. செலக்டர்கள் கேட்டதைத்தான் அவர்களும் கேட்டார்கள், தங்கள் சொந்த மண்ணில்.

ராபர்ட்சனின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1868, 1875, 1877, 1885 என்று மீண்டும் மீண்டும் முதல்வரானார். அன்றைய ஆட்சிகள் மாதக் கணக்கில் கவிழும். 1877இல் சர் பட்டம். நெடுநாள் போட்டியாளரான ஹென்றி பார்க்ஸுடன் 1878இல் கூட்டணி சேர்ந்தார். அந்த ஆட்சியில், 1879இல், சிட்னிக்குத் தெற்கே 18,000 ஏக்கரில் தேசியப் பூங்கா ஒன்றை ஒதுக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. உலகின் மிகப் பழைய தேசியப் பூங்காக்களில் ஒன்று. இன்று ராயல் தேசியப் பூங்கா. அண்டைக் காலனியான விக்டோரியாவை ‘முட்டைக்கோஸ் தோட்டம்’ என்று அவர் சொன்னதாக இன்றும் மேற்கோள் காட்டுவார்கள்.

1883இல் நிலச் சட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய அகஸ்டஸ் மோரிஸ், ஜார்ஜ் ரேங்கன் ஆகிய இருவரை அரசு நியமித்தது. அவர்கள் அறிக்கை கடுமையானது: பினாமிப் பதிவு, பொய் உறுதிமொழி, இரண்டு வகுப்பாருக்கு இடையே ஓயாத பகை என்று வரிசையாக அடுக்கியது. 1884இல் புதிய சட்டம் வந்தது. ராபர்ட்சன் அதைக் கடுமையாக எதிர்த்தார். தன் சட்டம் தோற்றது என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1891இல், சிட்னி வாட்சன்ஸ் பேயில் இருந்த தன் வீட்டில் காலமானார்.

அந்தப் புதிய சட்டம் காலனியைக் கிழக்கு, மத்தி, மேற்கு என்று மூன்றாகப் பிரித்தது. கிழக்கில் ஒருவர் 640 ஏக்கர் வரை தேர்ந்தெடுக்கலாம், மத்தியில் 2,560 ஏக்கர் வரை. மேற்கில் ஒரு குடும்பம் பிழைப்பதற்கான குத்தகை 10,240 ஏக்கர் வரை போனது. 1861இல் அதே மேற்கில் ஒருவருக்கு விற்கச் சம்மதித்தது அதிகபட்சம் 320.